காய்ச்சல் விட்டது, கன்னம் மரத்தது: எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து, எதற்குக் கையெழுத்து?

2021 செப்டெம்பர். இலங்கை முழுக்க ஊரடங்கு. மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிற என் மாமாவுக்குக் கொவிட் காய்ச்சல் விட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. அம்மாவின் தம்பி அவர். வயது 58, சீனி வருத்தம் 14 வருடமாக இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மாமி போன் எடுத்தார். "புள்ள, மாமாக்கு இடப்பக்கக் கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்காம். மேல் பல்லும் உளையுதாம்."

நான் அப்போது ஒரு கொவிட் வாட்டில் இரவு வேலை. இருபது வருடம் நேர்ஸாக இருந்தவள். "பீனிசமாத்தான் இருக்கும் மாமி, வேது பிடிக்கச் சொல்லுங்க" என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் இமை வீங்கி, கண் பாதி மூடிய மாமாவின் படம் வட்ஸ்அப்பில் வந்தபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. சீனி எவ்வளவு என்று கேட்டேன். 412. பக்கத்துக் கடையில் வாங்கிய குளிசைப் பக்கற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதற்குள் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரோயிட் இருந்தது. ஒட்சிசன் ஒரு நாளும் குறையாத மனிதர் ஒன்பது நாளாக அதை விழுங்கியிருக்கிறார்.

அந்த மூன்று நாளை என்னால் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, எது எதைவிட மேல் என்பதை இன்று தெளிவாகச் சொல்ல முடியும். கொவிட்டானாலும் மாரியில் பரவும் இன்புளுவன்சாவானாலும், நெஞ்சுக் காய்ச்சலின் பின்னால் வரும் பூஞ்சைத் தொற்றில் ஒரு குடும்பம் முடிவெடுக்கவேண்டிய இடங்கள் ஏறத்தாழ இவைதான்.

முதலில் நோயைப் பற்றி. 2021இல் செய்திகள் எல்லாம் 'கறுப்புப் பூஞ்சை' என்றன. அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் இந்தியாவில் 40,000க்கு மேற்பட்டவர்களுக்கு இது வந்தது. மருத்துவப் பெயர் மியூக்கோமைக்கோசிஸ். பூஞ்சை கறுப்பில்லை. அது இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வளரும். குழாய்க்குள் இரத்தம் உறைந்து அடைபடும். இரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மருந்தா வெட்டா என்று வரும்போது இதுதான் பதில் சொல்லும்.

இதன் விதைத்துகள் மண்ணில், உக்கிய இலையில், ஈரம் பிடித்த வைக்கோலில் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. நீங்களும் நானும் தினமும் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. மாமாவுக்கு ஏன் ஆனது? வைரஸ் மூக்கின் உள்தோலைப் புண்ணாக்கிவிட்டது. ஸ்டெரோயிட் எதிர்ப்புச் சக்தியை அடக்கி, சீனியையும் ஏற்றிவிட்டது. சீனி எக்கச்சக்கமாக ஏறி இரத்தம் அமிலமாகும்போது, புரதத்தோடு கட்டுண்டு கிடந்த இரும்பு அவிழ்ந்துவிடும். அந்த இரும்பு இந்தப் பூஞ்சைக்குச் சோறு மாதிரி. ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. எங்கள் வீட்டில் மாமாவின் கோப்பை, தட்டைத் தனியாக வைத்தார்கள். பூஞ்சைக்காக அதற்குத் தேவையே இல்லை.

வீடா, சனலா, ஆஸ்பத்திரியா?

பீனிசம் எல்லாம் பூஞ்சை இல்லை. நூறு பேருக்குத் தடிமன் வந்து முகம் பாரமானால், அநேகமாக நூறு பேருக்கும் அது சாதாரண பீனிசம்தான். குனிந்தால் கனக்கும், இரண்டு பக்கமும் இருக்கும், மஞ்சளாகச் சளி வரும், ஒரு கிழமை பத்து நாளில் குறையும். அதற்கு வீட்டில் இருப்பது சரியான முடிவு. வேது பிடித்தால் கொஞ்சம் இதமாக இருக்கும், கொதிதண்ணீர் கவிழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு பக்கம் மட்டும் வலிப்பது, தோல் மரப்பது, மேல் பல் உளைவது அல்லது ஆடுவது, மூக்கிலிருந்து கபில நிறமாகவோ இரத்தம் கலந்தோ வடிவது, இமை வீங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, அண்ணத்தில் கறுப்புப் படை தெரிவது வேறு கதை. இதில் ஒன்று இருந்து, ஆளுக்குச் சீனி வருத்தமும் இருந்து, கடந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கொவிட்டோ கடும் இன்புளுவன்சாவோ வந்திருந்தால், வீடு என்ற வழியை அப்போதே விட்டுவிட வேண்டும். கறுப்பு தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. மாமாவுக்கு மரத்துப்போனது முதல் நாள், அண்ணம் கறுத்தது ஐந்தாம் நாள்.

அடுத்தது சனல். பின்னேரம் ஒரு டொக்டரைச் சனல் பண்ணிப் பார்ப்பது, அதாவது தனியார் இடத்தில் நம்பர் எடுத்துக் காசு கட்டிப் பார்ப்பது, எங்கள் ஊர்களில் பழகிப்போன வழி. ஆஸ்பத்திரி வரிசையை நினைத்தால் எனக்கும் அதுவே இலகுவாகத் தெரியும். காது மூக்கு தொண்டை நிபுணரையே அன்று மாலை பார்க்கக் கிடைத்தால், அவர் கமெராவை மூக்குக்குள் விட்டுப் பார்த்துவிட்டு அப்போதே வாட்டுக்கு அனுப்புவார் என்றால், நல்லது. ஆனால் நடைமுறையில் நம்பர் கிடைப்பது நாளை மறுநாள். முதலில் பார்ப்பவர் அன்டிபயோட்டிக் எழுதி, ஐந்து நாள் கழித்து வரச் சொல்வார். அவரில் பிழை சொல்ல மாட்டேன், அவர் பார்க்கும் பீனிசக்காரர்களில் பெரும்பாலானோருக்கு அது போதும். ஆனால் இந்த நோய்க்கு ஐந்து நாள் என்பது கண்ணுக்கும் மூளைக்கும் இடையில் இருக்கிற தூரம். இரத்தப் புற்றுநோயாளிகளை வைத்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சரியான மருந்தை ஆறு நாளோ அதற்கு மேலோ பிந்தித் தொடங்கியவர்களில் 12 வாரத்துக்குள் இறந்தவர்கள் 83 சதவீதம். முந்தித் தொடங்கியவர்களில் 49 சதவீதம். எங்கள் ஆட்கள் புற்றுநோயாளிகள் இல்லை, ஆகவே அதே எண்ணிக்கை இங்கே பொருந்தாது. நாள் போகப் போக என்ன நடக்கும் என்பது மட்டும் பொருந்தும்.

சரி, ஆஸ்பத்திரி. எது? களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை என்று ஆதார வைத்தியசாலைகள் பக்கத்தில் இருக்கின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர், அக்கரைப்பற்றிலிருந்து இன்னும் கூட. அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு அங்கேயே மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே போகலாம் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

என் கணக்கு இப்படி. ஆள் தெளிவாகப் பேசுகிறார், நடக்கிறார், சாப்பிடுகிறார் என்றால், காது மூக்கு தொண்டை, கண், தீவிர சிகிச்சை மூன்றும் ஒரே வளவுக்குள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போவது மேல். இந்த நோயில் அந்த மூன்று பேரும் ஒரே நாளில் ஆளைப் பார்க்கவேண்டி வரும். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு இரவு, பிறகு மாற்றல், பிறகு அங்கே ஒரு இரவு என்று போனால் இரண்டு நாள் கரைந்துவிடும். ஆனால் ஆள் சத்தி எடுக்கிறார், மூச்சு ஆழமாக வாங்குகிறார், மயக்கமாக இருக்கிறார் என்றால் அது சீனி முற்றி இரத்தம் அமிலமாகும் நிலை. அப்போது பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகவே கூடாது. சலைனும் இன்சுலினும் அங்கேயே தொடங்கி, பொட்டாசியம் பார்த்து, அம்புலன்சில் அனுப்பட்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள், காசு இல்லை. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையின் உள்ளூர்ப் பாதைகளுக்கு வண்டி வர நேரம் எடுக்கும், ஆகவே பெரிய வீதிவரை யாராவது ஆளைக் கொண்டுவந்தால் நல்லது.

எங்கே போனாலும் வாசலிலேயே சொல்லவேண்டியது ஒரே வசனம்: "கொவிட் வந்தது, சீனி இருக்கு, ஸ்டெரோயிட் குடிச்சவர், ஒரு பக்கம் மரத்திருக்கு." கிளினிக் கொப்பியையும் குளிசைப் பக்கற்றையும் கையில் வைத்திருங்கள். "முகம் உளையுது" என்று மட்டும் சொன்னால் வரிசையின் கடைசியில்தான் இருப்பீர்கள்.

முதலில் ஸ்கேனா?

ஆஸ்பத்திரிக்குப் போனதும் குடும்பத்தவர் எல்லாரும் கேட்பது சிடி ஸ்கேன். மாமாவின் மூத்த மகனும் அதைத்தான் கேட்டார். "வெளியில காசு கட்டியாவது எடுப்பம்" என்றார். ஸ்கேன் வேண்டும்தான். எலும்பு அரித்திருக்கிறதா, கண்ணுக்குப் பின்னால் போயிருக்கிறதா என்று அது காட்டும். மூளைப் பக்கம் போயிருக்கிறதா என்பதற்கு எம்ஆர்ஐ இன்னும் நல்லது. ஆனால் தொடக்கத்தில் சிடியில் தெரிவது உள்தோல் தடித்திருப்பது மட்டும். அது சாதாரண பீனிசத்திலும் அப்படியே தெரியும்.

மூக்குக்குள் கமெரா விட்டு, நிறம் மாறிய இடத்தில் ஒரு துணுக்கு எடுத்து, பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் முதலில் நடக்கவேண்டியது. மியூக்கோமைக்கோசிஸைத் தருகிற மியூக்கோர் வகை அகலமாக, ரிபன் போல, குறுக்குச் சுவர் அநேகமாக இல்லாமல், ஏறத்தாழ செங்கோணத்தில் கிளை விட்டிருக்கும். அஸ்பெஜிலஸ் என்ற மற்றப் பூஞ்சை ஒல்லியாக, குறுக்குச் சுவரோடு, கூர்ங்கோணத்தில் கிளைக்கும். அன்றைக்கே தெரிந்துவிடும். நோய்க்கூற்று அறிக்கையும் வளர்ப்புச் சோதனையும் பல நாள் எடுக்கும். அவை உறுதிப்படுத்துவதற்கு, அவற்றுக்காக மருந்தை நிறுத்தி வைப்பதில்லை. முதல் துணுக்கில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தேகம் தீராது, திரும்ப எடுப்பார்கள். அதற்காக டொக்டரில் கோபப்பட வேண்டாம்.

எந்தப் பூஞ்சை என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? பூஞ்சை மருந்து என்று ஒரே மருந்து இல்லை. வாயில் வெள்ளை படிகிற கன்டிடாவுக்குக் கொடுக்கும் ஃப்ளூகொனசோல் மியூக்கோரை ஒன்றும் செய்யாது, அஸ்பெஜிலசையும் செய்யாது. அஸ்பெஜிலசுக்கு வொரிகொனசோல் நல்ல மருந்து. 2002இல் வெளிவந்த ஒப்பீட்டில் அதைப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் 12 வாரம் தாண்டினார்கள், பழைய அம்ஃபொடெரிசின் பெற்றவர்களில் 58 சதவீதம். ஆனால் அதே வொரிகொனசோலை மியூக்கோருக்குக் கொடுத்தால் தண்ணீர் கொடுத்த மாதிரி. கடையில் "பங்கசுக்கு ஒரு குளிசை" என்று வாங்கி விழுங்குவது, மருந்து எடுக்கிறோம் என்ற தைரியத்தைத் தந்து நாளைத் தின்கிற வேலை.

பழைய அம்ஃபொடெரிசினா, புதியதா?

எங்கள் குடும்பத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது இதில்தான்.

மியூக்கோருக்கு முதல் மருந்து அம்ஃபொடெரிசின் பி. அதில் இரண்டு வகை உண்டு. பழையது 1950களிலிருந்து இருப்பது. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மில்லிகிராம் அல்லது சற்றுக் கூடுதலாக நாளுக்கு ஏற்றுவார்கள். மற்றது லிபோசோமல். அதே மருந்து, கொழுப்பு உறைக்குள் பொதிந்து வருகிறது. ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 50 மில்லிகிராம் குப்பி நாளுக்கு ஆறாவது வேண்டும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டும் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லிபோசோமல்தான். 2019இல் வந்த உலகளாவிய வழிகாட்டியும் அதையே முதலில் வைக்கிறது. பழையது சிறுநீரகத்தைப் பிடிக்கும், பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இறக்கும். ஏற்றத் தொடங்கி கொஞ்ச நேரத்தில் கட்டில் ஆடுமளவுக்குக் குளிர் நடுக்கம் வரும். அதைப் பார்க்கிற குடும்பத்தவர் பயந்து "நிப்பாட்டுங்க" என்று கத்துவார்கள், நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நடுக்கம் குறைய முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம், மெதுவாக நாலு முதல் ஆறு மணித்தியாலம் ஏற்றலாம். மருந்துக்கு முன் சாதாரண சலைன் ஏற்றினால் சிறுநீரகத்துக்குக் காவல். ஆனால் மருந்தைச் சலைனில் கலக்கவே கூடாது, படிந்துவிடும். டெக்ஸ்ரோஸில்தான் கலக்க வேண்டும், ஆகவே சீனிக்காரருக்கு அதற்கேற்ப இன்சுலினைச் சரிசெய்ய வேண்டும். கஷ்டமான மருந்துதான். ஆனால் வேலை செய்கிற மருந்து.

மாமாவை அனுமதித்த அன்று லிபோசோமல் கையிருப்பில் இல்லை. அந்த வருட நடுப்பகுதியில் இந்தியாவிலேயே அதற்குத் தட்டுப்பாடு வந்திருந்தது. கொழும்பில் கேட்டிருக்கிறோம், மூன்று நாலு நாளில் வரலாம் என்றார்கள். மாமாவின் மகன் சொன்னது: "கிட்னி பழுதாகிற மருந்த ஏன் ஏத்துவான், நல்லது வரட்டும்." சொன்னதில் பாசம் இருந்தது. டொக்டர் அன்றிரவே பழையதைத் தொடங்கினார். நான் அவரோடு நின்றேன். இன்று கேட்டாலும் அங்கேதான் நிற்பேன். சிறுநீரகத்தின் அளவுகள் ஏறி இறங்கும், இரத்தத்தில் பார்த்துப் பிடிக்கலாம், ஒரு நாள் மருந்தை நிறுத்தி வைக்கலாம். செத்த சதையைத் திரும்பப் பெற வழி இல்லை. மாமாவுக்கு, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது, ஆறாம் நாள் ஒரு தவணை நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் லிபோசோமல் வந்து மாற்றினார்கள். கிரியாட்டினின் இறங்கியது.

முன்கூட்டியே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, கிளினிக் கொப்பியில் அது எழுதப்பட்டிருப்பவர்களுக்கு, இந்தத் தராசு வேறு மாதிரிச் சாயும். அவர்களுக்குப் புதிய வகையைத் தேடுவதிலும் ஐசவுகொனசோல் போன்ற மாற்று மருந்தைக் கேட்பதிலும் அவசரம் கூட. அந்த ஏற்பாடு நடக்கிற வரை என்ன கொடுப்பது என்பதை அன்றைக்கே நிபுணரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும். குளிசையாக வரும் பொசாகொனசோல் பொதுவாக ஊசிக்குப் பிறகு மாதக்கணக்கில் தொடர்வதற்கு. தொடக்கத்தில் அதை மட்டும் நம்புவதில்லை.

மருந்து போதாதா, ஏன் வெட்ட வேண்டும்?

இங்கேதான் முதலில் சொன்ன இரத்தக் குழாய் வருகிறது. செத்த சதைக்கு இரத்தம் போகாது. இரத்தம் போகாத இடத்துக்கு ஊசி மருந்தும் போகாது. எவ்வளவு நல்ல மருந்தை ஏற்றினாலும் பூஞ்சை அந்தக் கறுத்த சதைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். உலகம் முழுக்கப் பதிவான 929 நோயாளிகளைத் தொகுத்து 2005இல் வெளியான ஆய்வில், சிகிச்சையே இல்லாதவர்களில் பிழைத்தவர்கள் 3 சதவீதம். அறுவை மட்டும் 57, பழைய அம்ஃபொடெரிசின் மட்டும் 61, பூஞ்சை மருந்தும் அறுவையும் சேர்த்து 70. இவை ஒரே மாதிரியான நோயாளிகள் இல்லை, அறுவையைத் தாங்கக்கூடியவர்களுக்குத்தான் அறுவை நடந்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும் எனக்கு இரண்டும் சேர்ந்ததே சரி.

மாமாவின் வாட்டில் அடுத்த கட்டிலில் அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு வாப்பா இருந்தார். மகன் நல்ல பொடியன், உம்மா அழுதுகொண்டிருந்தார். கையெழுத்துக் கேட்டபோது, "நானா கத்தாரில இருந்து கதைக்கட்டும், கேட்டுட்டுச் சொல்றன்" என்றான் மகன். முகத்தை வெட்டப்போகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கை ஓடும்? இரண்டு நாள் போனது. மூக்கோடு முடிந்திருக்கக்கூடிய அறுவை கண்வரை போனது. அந்த மகனை நான் குறை சொல்லவில்லை. முடிவெடுக்க வேண்டிய ஆட்களை முதல் நாளே ஒரே போன் அழைப்பில் சேர்த்து, டொக்டரையே பேச வையுங்கள் என்று அதற்குப் பிறகு எல்லாக் குடும்பத்துக்கும் சொல்கிறேன்.

கண்ணை எடுப்பதா என்பது இன்னும் கனமான கேள்வி. பார்வை முற்றாகப் போய், கண்ணுக்குப் பின்னால் தொற்றுப் பரவியிருந்தால் எடுக்கச் சொல்வார்கள். பார்வை இருக்கிறது, தொற்று ஓரத்தில்தான் என்றால், கண்ணுக்குப் பின்னால் அம்ஃபொடெரிசின் ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்ப்பார்கள். இந்தியாவில் பல இடங்களில் அப்படிச் செய்தார்கள். கண்ணை எடுத்தால் உயிர் நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது, நிபுணர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ஆகவே இந்த ஒரு இடத்தில் மட்டும் "இரண்டாவது டொக்டரிடமும் கேட்கலாமா?" என்று கேட்பதை நான் தாமதம் என்று சொல்ல மாட்டேன், அன்றைக்குள் கேட்டால்.

மாமாவுக்குக் கண் தப்பியது. இடப்பக்க மேல்தாடையில் ஒரு பகுதியும் ஐந்து பல்லும் போனது. அண்ணத்து ஓட்டையை மூட ஒரு தட்டுச் செய்து கொடுத்தார்கள். அதைக் கழற்றினால் தண்ணீர் மூக்கால் வரும், பேச்சு விளங்காது. போட்டால் சோறு சாப்பிடுகிறார், பேரப்பிள்ளையோடு கதைக்கிறார்.

நெஞ்சுக்குள் வரும் வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் குடும்பம் எடுக்கும் முடிவு குறைவு. கடும் இன்புளுவன்சாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு அஸ்பெஜிலஸ் வரும். பெல்ஜியம், நெதர்லாந்து ஆஸ்பத்திரிகளில் 432 பேரைப் பார்த்த ஆய்வில் 19 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இயந்திரச் சுவாசத்தில் இருப்பவர் ஒரு கிழமையாகத் தேறாமல், திரும்பக் காய்ச்சல் வந்து, சளியில் இரத்தம் தெரிந்தால், "பூஞ்சைக்குப் பார்த்தீங்களா டொக்டர்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். வாயில் வெள்ளைப் படை வந்தால் பதற வேண்டாம், அது கன்டிடா. சாப்பாட்டுக் குழாய்க்குள் போகாதவரை வாயில் விடும் துளி மருந்தில் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

இதை வாசிக்கிற பலர் இன்னும் காய்ச்சல் நாட்களிலேயே இருக்கலாம். உங்கள் முன்னால் இருப்பது இதைவிடச் சின்ன முடிவு: ஸ்டெரோயிட் குடிப்பதா, வேண்டாமா? 2020இல் பிரித்தானியாவில் நடந்த பெரிய பரிசோதனையில், நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் இயந்திரச் சுவாசத்தில் இருந்த கொவிட் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆகவே ஒட்சிசன் குறைந்து ஆஸ்பத்திரியில் கொடுத்தால் மறுக்காதீர்கள், அது உயிர் காக்கும். வீட்டில் நடமாடிக்கொண்டு இருக்கிறவருக்குப் பெயர் எழுதாத பக்கற்றில் வருகிற குளிசையை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் ஒவ்வொரு குளிசையின் பெயரையும் கேட்டு எழுதுவியுங்கள். முட்டு வருத்தத்துக்கு ஏற்கெனவே ஸ்டெரோயிட் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, டொக்டரைக் கேட்க வேண்டும். அந்த நாட்களில் சீனியைக் காலையில் ஒரு தரம் பார்த்தால் போதாது. ஸ்டெரோயிட் பின்னேரச் சீனியைத்தான் கூடுதலாக ஏற்றும். இரண்டு தரம் 250க்கு மேல் வந்தால் கிளினிக் திகதிவரை பொறுக்காமல் போக வேண்டும்.

மாமா இப்போது வைக்கோலைத் தொடுவதில்லை, சூடடிக்கிற பக்கம் போனால் மூக்கை மூடிக்கொள்கிறார். போன மார்கழியில் அவருக்குத் தடிமன் பிடித்தது. இரண்டாம் நாள் காலை மாமி எனக்கு எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்தார்: "காலை 148, பகல் 171, பின்னேரம் 190, படுக்கக்குள்ள 166. மூக்கு ரெண்டு பக்கமும் ஓடுது. கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தன், நோகுது எண்டார்."

"நோகட்டும் மாமி" என்றேன்.